பன்னிரண்டு வாளித் தண்ணீரும் ஒரு முட்டையும்

"சுண்ணாம்பு சோதிக்க பி.எஸ்ஸி. எதுக்கும்மா? வெத்தலையில தடவிப் பார்த்தா நாக்கே சொல்லிருமே!"

நான் இந்தச் சோதனைக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள் எங்கள் ஸ்டோர்கீப்பர் சொன்னது இது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, இந்த மனிதருக்கு ஒரு நாள் சரியான பாடம் சொல்லித்தர வேண்டும் என்று மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். பிறகு பாடம் வந்தது. முதலில் அது எனக்குத்தான் வந்தது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்காக இதை எழுதுகிறேன். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் சிமெண்டையும் சுண்ணாம்பையும் எப்படிச் சோதிப்பது என்று கையேட்டில் இருக்கிறது. கையேடு அலமாரியின் மேல்தட்டில். கரையான் கடைசி இரண்டு அத்தியாயங்களைப் படித்து முடித்துவிட்டது, மற்றவை உங்களுக்கு மிச்சம். கையேட்டில் இல்லாத ஒன்றை மட்டும் நான் சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அப்பா துறைமுக ஜெட்டியில் மூட்டை இறக்குபவர். போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்கு நடுவே என் பட்டச் சான்றிதழ் தொங்குகிறது. வெள்ளிக்கிழமைகளில் அம்மா அதற்கும் பொட்டு வைப்பாள். இப்போது பல்கலைக்கழக முத்திரை குங்குமத்துக்கு அடியில் எங்கோ இருக்கிறது. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவளுக்குத் தலைக்கனம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. இப்போதும் இருக்கிறது. எதன்மேல் வைக்க வேண்டும் என்பதுதான் மாறியிருக்கிறது.

சோதனைக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் கிடங்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பலகைச் சுவர், தகரக் கூரை. அரசாங்க விதிப்படி அதில் பன்னிரண்டு சிவப்பு வாளிகள் தண்ணீரோடு தொங்க வேண்டும், தீ பிடித்தால் அணைக்க. விதியை எழுதியவர் மெயின்லேண்டில் உட்கார்ந்து எழுதியவர். போர்ட் பிளேரில் மாசியிலும் பங்குனியிலும் குடிக்கவே தண்ணீர் கிடைக்காது என்பதும், வைகாசி பிறந்தால் ஏழெட்டு மாதத்துக்கு மழை விடாது என்பதும் அவருக்குத் தெரியாது. கோடையில் வாளிகள் காய்ந்து கிடக்கும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும் சாப்கள் வாளிக்குள் எட்டிப்பார்த்துத் திட்டுவார்கள்.

திட்டு வாங்கி அலுத்த ஸ்டோர்கீப்பர், இங்கே எல்லா வீட்டிலும் செய்வதைச் செய்தார். மூங்கிலை இரண்டாகப் பிளந்து கூரையோரம் கட்டி, முதல் மழையின் தண்ணீரைப் பீப்பாயில் பிடிப்பது நம் ஊர்ப் பழக்கம். மற்றவர்கள் பீப்பாயை வாசலில் வைப்பார்கள். இவர் அரசாங்கத் தண்ணீரை அக்கம்பக்கத்தார் மொண்டுகொள்வார்கள் என்று பயந்து, சுவரில் ஒரு துளை போட்டு, மூங்கிலை உள்ளே விட்டு, பீப்பாயைக் கிடங்குக்குள்ளேயே வைத்தார். கிடங்கில் காலியாக இருந்த ஒரே இடம் சுட்ட சுண்ணாம்பு மூட்டைகளுக்குப் பக்கத்தில்.

இந்த ஏற்பாட்டுக்காக அவருக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். அவசியம் பாருங்கள்.

நான் சேர்ந்த இரண்டாவது மாதம் அந்தப் பீப்பாயைப் பார்த்தேன். உடனே குறிப்பு எழுதினேன். ஆங்கிலத்தில், ஒன்றரைப் பக்கம். சுட்ட சுண்ணாம்பும் நீரும் சேரும்போது நடப்பது வெப்ப உமிழ் வினை என்றும், ஒரு மோலுக்கு இத்தனை கிலோகலோரி என்றும் தசமப் புள்ளியோடு எழுதினேன். அமைப்பு இழக்கும் ஆற்றலைச் சூழல் பெறும் என்று எழுதி, கீழே கோடு போட்டேன். எழுதி முடித்து, மூன்று முறை நானே படித்து ரசித்தேன். அந்தச் சூழல் என்பது சாக்கு, மூட்டைகளுக்கு அடியில் பரப்பிய வைக்கோல், பலகைச் சுவர், சுவருக்கு வெளியே பீடியோடு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் சவரிமுத்து அண்ணன் என்பதை மட்டும் எழுதவில்லை.

குறிப்பு பெரிய என்ஜினீயர் வரை போனது. திரும்பி வந்தபோது ஓரத்தில் பச்சை மையில் இரண்டு வாக்கியங்கள்: 'சுவாரசியம். கோப்பில் சேர்க்கவும்.'

அந்தப் பச்சை மையை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டாத குறையாக அப்பாவிடம் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றி முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு மூட்டை இறக்கிய நாட்களில் வியர்வை பட்டு வெந்த தழும்புகள் அங்கே வரிசையாக இருக்கும்.

"குறிப்புல என்னத்தா எழுதுன?"

சொன்னேன். மோல், கிலோகலோரி, சூழல்.

"நனைஞ்சா சுடும்னு எழுத வேண்டியதுதான?"

"அப்படியெல்லாம் எழுத முடியாதுப்பா."

"ஏன், இங்கிலீசுல அதுக்கு வார்த்தை இல்லியா?"

எனக்குக் கோபம் வந்தது. பட்டம் வாங்கியது நான்தானே.

வைகாசியின் முதல் பெருமழை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கியது. மத்தியானம் மூன்று மணிக்கு நான் வெள்ளிக்கிழமை மறந்து வைத்துவிட்டுப்போன குடையை எடுக்கச் சோதனைக்கூடத்துக்கு வந்தேன். மழைநாளில் குடையை எடுக்க நனைந்துகொண்டு வந்ததைப் பற்றி நீங்கள் சிரிக்கலாம். ஸ்டோர்கீப்பர் பிறகு ரொம்ப நாள் சிரித்தார்.

கிடங்குச் சுவரின் இடுக்குகளில் வெள்ளைப் புகை. உள்ளே பீப்பாய் நிறைந்து வழிந்து, தண்ணீர் அடிவரிசை மூட்டைகளை மெதுவாக நனைத்திருந்தது. மூட்டைகள் ஊதி, தையல் பிரிந்து, பலகைச் சுவரை வெளிப்பக்கமாக ஒரு சாண் தள்ளியிருந்தன. வெப்பம் மட்டுமல்ல, வேலையும் செய்யும் வினை அது. சொல்லப்போனால் அந்த வாரம் அந்தக் கிடங்கில் வேலை செய்தது சுண்ணாம்பு மட்டும்தான். சாக்கும் வைக்கோலும் பற்றத் தொடங்கியிருந்தன.

ஸ்டோர்கீப்பர் அதற்குள் வந்துவிட்டார். குவார்ட்டர்ஸ் பக்கத்திலேயே. லுங்கியோடு நின்று கத்தினார்: "பானி! பானி டாலோ! ஜல்தி!" சவரிமுத்து அண்ணனும் ஜெட்டிக் கூலிகள் நாலு பேரும் சிவப்பு வாளிகளைக் கழற்றி, பீப்பாயில் மொண்டு ஊற்றினார்கள். விதி முதல் முறையாகப் பயன்பட்டது. ஒவ்வொரு வாளிக்கும் மூட்டைகள் உஸ்ஸென்று சீறி, இன்னும் கொஞ்சம் பற்றின.

"பானி மத் டாலோ!" என்று நான் கத்தினேன். "ஊத்தாதீங்க! ஊத்த ஊத்த எரியும்!"

தீயில் தண்ணீர் ஊற்றாதே என்று கத்தும் பெண்ணை அந்தக் கூலிகள் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பாவம், மழையில் நின்று புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஸ்டோர்கீப்பர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "சவரி, ஊத்துய்யா!"

சவரிமுத்து அண்ணன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பல வருடம் அப்பாவோடு மூட்டை தூக்கிவிட்டு, முட்டி போனபின் வாட்ச்மேன் ஆனவர். வாளியைத் தூக்கிய கையோடு என்னைப் பார்த்தார்.

"எம்மா, நெசமாத்தான் சொல்றியா?"

"நிசமாத்தான் அண்ணே. பக்கத்துல உள்ள காஞ்ச மூட்டையை இழுங்க. மண்ணை அள்ளிப் போடுங்க."

"சாப் ஊத்தச் சொல்லுதாரே."

அப்போது எனக்குச் சந்தேகம் வந்தது. இதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன், கவனியுங்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது என்று புத்தகத்தில் இல்லை. கடலைக் கொண்டுவந்து கொட்டினால் அணைந்துவிடும். கொஞ்சமாக ஊற்றினால்தான் ஆபத்து, அந்தக் கொஞ்சத்தில் வெப்பம் கரைந்துபோகாமல் ஏறிக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு வாளி என்பது கொஞ்சமா, நிறையவா? அதற்கு எந்த அத்தியாயத்திலும் விடை இல்லை. மூட்டைகளை எண்ணிப் பார்த்தேன். நாற்பதுக்கு மேல். கொஞ்சம்தான்.

"என்னை நம்புங்க அண்ணே," என்றேன்.

அவர் வாளியைக் கீழே போட்டார். தண்ணீர் வெளியே தரையில் ஓடியது. மண்வெட்டியை எடுத்தார். கூலிகள் அவரைப் பார்த்து மண்ணுக்கு மாறினார்கள். கூரைக்கு அடியில் நனையாமல் கிடந்த மணல் முழுவதும் உள்ளே போனது. அடுத்த அறையில் மண்ணெண்ணெய் பீப்பாய்கள் இருந்தன. அங்கே தீ போகவில்லை. ஒரு மூலையும் பதினெட்டு மூட்டைகளும் போயின. ஸ்டோர்கீப்பரின் பாராட்டுக் கடிதத்துக்கு ஒரு கீறலும் இல்லை.

மூன்றாவது நாள் சவரிமுத்து அண்ணனைச் சஸ்பெண்ட் செய்தார்கள். இரண்டு குற்றச்சாட்டுகள். ஒன்று, கிடங்கில் பீடி குடித்துத் தீ உண்டாக்கியது. இரண்டு, மேலதிகாரி தண்ணீர் ஊற்றச் சொன்னபோது, அதிகாரமில்லாத ஒரு பெண்ணின் பேச்சைக் கேட்டு வாளியைக் கீழே போட்டது. அந்த இரண்டாவது குற்றச்சாட்டை நான் பலமுறை படித்தேன். அதிகாரமில்லாத பெண் நான். அவர் வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். அந்த முட்டியோடு மறுபடி மூட்டை தூக்க முடியாது.

அவர் வீட்டுக்குப் போனேன். பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"பீடி குடிச்சீங்களா அண்ணே, அன்னைக்கு?"

"குடிக்காம? மழைல பீடி குடிக்காம என்ன செய்ய? ஆனா வெளியில தாயி. உள்ள அந்தச் சுண்ணாம்பு நெடில பீடி ருசிக்காது."

இதைச் சாட்சியமாகச் சொல்ல முடியாது. என் பழைய குறிப்பைத் தேடினேன். கோப்பில் பத்திரமாக இருந்தது. விசாரணைக் கமிட்டிக்கு எடுத்துப் போனேன்.

கமிட்டியில் இரண்டு பேர். தலைவர் பெரிய என்ஜினீயர். பச்சை மைக்காரர். நல்ல மனிதர், எதையும் சிரித்துக்கொண்டே கோப்பில் சேர்ப்பார். இன்னொருவர் கணக்கு அதிகாரி, பத்துபஸ்தியிலிருந்து சைக்கிளில் வருவார். வந்த உடனே தூங்குவார்.

"இந்தக் குறிப்பை நான் படிச்சிருக்கேனே," என்றார் தலைவர். "பிரமாதமான இங்கிலீஷ்."

"சார், இதுல தீ பிடிக்கும்னு சொல்லியிருக்கேன்."

"எங்கே?"

தேடினேன். உங்களிடம் பொய் சொல்ல முடியாது. ஒன்றரைப் பக்கத்தில் 'தீ' என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. 'சூழலின் வெப்பநிலை கணிசமாக உயரக்கூடும்' என்று இருந்தது. சூழல் உயர்ந்துவிட்டது, சவரிமுத்து அண்ணன் இறங்கிவிட்டார்.

ஸ்டோர்கீப்பர் சொன்னார்: "தண்ணில தீ பிடிக்குமாம் சார். நாளைக்குக் கடலே பத்திக்கும்னு சொல்லுவாங்க. நெருப்பில்லாம எப்படி சார் நெருப்பு வரும்? பீடிதான் சார்."

"நெருப்பில்லாம ஒரு முட்டையை வேக வச்சுக் காட்டுறேன் சார்," என்றேன்.

கணக்கு அதிகாரி விழித்துக்கொண்டார்.

மறுநாள் காலை வீட்டுக் கோழி இட்ட முட்டையோடு போனேன். ஒரு தகர டப்பா, மூடி, நடுவில் ஒரு அலுமினிய டம்ளர், டம்ளரில் தண்ணீரும் முட்டையும். சுற்றிலும் போடச் சுண்ணாம்பு வேண்டும். ஸ்டோர்கீப்பர் மிக மரியாதையாக ஒரு கிண்ணம் நிறையக் கொண்டுவந்து வைத்தார். நான் என் பேச்சை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன், கிண்ணத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. கொட்டினேன். தண்ணீர் தெளித்தேன். "இப்போது கவனியுங்கள்," என்று நிமிர்ந்து நின்றேன்.

கவனித்தார்கள். ஐந்து நிமிடம். ஒன்றும் நடக்கவில்லை. தலைவர் டப்பாவைத் தொட்டுப் பார்த்து, "ஜில்லுன்னு இருக்கே அம்மா," என்றார்.

"முட்டை குஞ்சு பொரிச்சாலும் பொரிக்கும் சார், வேகாது," என்றார் ஸ்டோர்கீப்பர்.

வாசலுக்கு வெளியே சவரிமுத்து அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கையில் பீடி இல்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு சிட்டிகை எடுத்தேன். மாவு மாதிரி நைந்தது. சுட்ட சுண்ணாம்பு கட்டியாக இருக்கும். இது திறந்து கிடந்த பழைய மூட்டை. நம் தீவுக் காற்றின் ஈரத்தை மாதக்கணக்கில் குடித்து, தன்னிடமிருந்த வெப்பத்தையெல்லாம் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துத் தீர்த்துவிட்டது. ரிட்டயர் ஆன சுண்ணாம்பு. இனி அதன்மேல் கடலையே ஊற்றினாலும் சூடேறாது. அவர் வேண்டுமென்றே கொண்டுவந்தாரா, தெரியாமலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கிண்ணத்தைப் பார்க்காதது என் தப்பு. அது மட்டும் தெரியும்.

"சார், இது செத்த சுண்ணாம்பு. பிரிக்காத மூட்டையிலிருந்து கட்டி வேணும்."

"புது மூட்டையைப் பிரிக்கணும்னா இண்டென்ட் வேணும்," என்றார் ஸ்டோர்கீப்பர். "மூணு காப்பி."

"எழுதுறேன்."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். 'முட்டை வேக வைக்க'ன்னா போடுவீங்க?"

அந்தக் கட்டத்தில் என்ன எழுதலாம் என்று பேனாவோடு உட்கார்ந்தேன். பழைய சொற்கள் வரிசையாக வந்து நின்றன. அவற்றை அனுப்பிவிட்டு, தமிழில் எழுதினேன்: 'நனைந்தால் சுடும் என்று காட்ட.' தலைவர் வாங்கிப் படித்தார். மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "இது எனக்குப் புரியுது," என்று கையெழுத்துப் போட்டார். பச்சை மையில்தான்.

சவரிமுத்து அண்ணனே போய், மூட்டையின் நடுவிலிருந்து கட்டிகளைப் பொறுக்கி வந்தார். "கையில ஈரம் இல்லாம எடுத்தேன் தாயி," என்றார். கட்டிகளை அடுக்கி, தண்ணீர் தெளித்து, மூடியைப் போட்டேன். இந்த முறை பேச்சு எதுவும் பேசவில்லை.

ஒரு நிமிடம் போனது. பிறகு பட்டென்று ஒரு சத்தம். இன்னொன்று. கட்டிகள் வெடித்து மலர்ந்தன. டப்பாவின் ஓரங்களில் ஆவி சீறியது. மூடி தானாக எழும்பி, கணக்கு அதிகாரியின் மடியில் போய் விழுந்தது. டம்ளரில் தண்ணீர் கொதித்தது. ஸ்டோர்கீப்பர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்.

"கொதிக்குது, சரி," என்றார் தலைவர். "தீ எங்கேம்மா?"

ஒரு சாக்குத் துண்டை எடுத்து, தண்ணீர் குறைவாகப் பட்ட ஓரத்துக் கட்டிகளுக்கு நடுவே இடுக்கியால் செருகினேன். எல்லோரும் குனிந்தார்கள். சாக்கு பழுத்தது, கறுத்தது, புகைந்தது. அதன் முனையில் ஒரு சிவப்புப் புள்ளி ஊர்ந்தது.

"இந்த அறையில யாராவது பீடி குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

கணக்கு அதிகாரி தன் சிகரெட்டை மெதுவாக அணைத்தார்.

முட்டையை உடைத்தேன். நன்றாக வெந்திருந்தது. தலைவர் சைவம். கணக்கு அதிகாரிக்கு ஆசை இருந்தது, ஆனால் அது விசாரணைச் சாட்சியம் என்பதால் தயங்கினார். கடைசியில் சாட்சியத்தை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி வந்தபோது, சம்பந்தப்பட்ட ஊழியரிடமே கொடுக்கலாம் என்று முடிவானது. சவரிமுத்து அண்ணன் வெளியே போய் உப்பில்லாமலே சாப்பிட்டார்.

"எப்படி இருந்துச்சு அண்ணே?"

"சுண்ணாம்பு நெடி லேசா இருக்கு. ஆனா வேலைய விட ருசி இல்ல தாயி."

அறிக்கை ஒன்றரை மாதம் கழித்து வந்தது. தீக்குக் காரணம் மழை. மழைமேல் நடவடிக்கை எடுக்க இயலாது. வாட்ச்மேன் வேலைக்குத் திரும்பலாம். இனி அதிகாரமில்லாத பெண்களின் பேச்சைக் கேட்கக் கூடாது என்று எச்சரிக்கை. மழைநீர் சேகரிப்பு ஏற்பாடு பாராட்டத்தக்கது. கடைசியாக ஒரு பரிந்துரை: மீண்டும் இப்படித் தீ ஏற்படாமலிருக்க, தண்ணீர் வாளிகளின் எண்ணிக்கை பன்னிரண்டிலிருந்து இருபத்துநான்காக உயர்த்தப்பட வேண்டும்.

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு, "புது வாளி வந்துருச்சா?" என்று கேட்டார்.

வந்துவிட்டது. இதோடு என் அனுபவம் முடிகிறது. தெற்குத் தீவில் புதிதாகக் குடியேறுபவர்களுக்கு வீடு கட்டுகிறார்கள், அங்கே சுண்ணாம்புக் கிடங்கின் பொறுப்பை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது என் கப்பல் போயிருக்கும். சாவிகள் சவரிமுத்து அண்ணனிடம்.

ஒன்றை மட்டும் நீங்களாகக் கண்டுபிடிப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை நானும் அவரும் சேர்ந்து மூங்கிலைச் சுவருக்கு வெளியே திருப்பிவிட்டோம். பீப்பாய் இப்போது வாசலில் இருக்கிறது. அக்கம்பக்கத்தார் மொண்டுகொள்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. கதவில் தமிழிலும் இந்தியிலும் அப்பா சொன்ன இரண்டு சொற்களைச் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறேன். இருபத்துநான்கு வாளிகளிலும் காய்ந்த மணல். பதிவேட்டில் 'தண்ணீர்' என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்து, மேலே 'மணல்' என்று எழுதி, திருத்தத்துக்கு நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கையெழுத்துக்குப் பக்கத்தில் பி.எஸ்ஸி. என்றும் போட்டிருக்கிறேன். கொஞ்சம் பெரிதாக.